ஒரு பவுனில் எத்தனை தங்க அணு? எடையிலிருந்து அணுக்களை எண்ணும் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் பத்தாம், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். 'அணுக்களும் மூலக்கூறுகளும்' பாடம் தொடங்கிவிட்டால் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. பிள்ளைகள் மட்டுமல்ல, வீட்டுப்பாடம் பார்க்க உட்காரும் பெற்றோரும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். கணக்குகளை வாசித்துவிட்டுப் போகாமல், பக்கத்தில் ஒரு தாளை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

மிஸ், கண்ணுக்கே தெரியாத அணுவை எப்படிங்க எண்ண முடியும்?

ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை, நிறுத்துப் பார்க்கிறோம். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் பட்டன் வாங்குகிறவர்கள் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஒரு குரோஸ், அதாவது 144 பட்டன், எத்தனை கிராம் என்று தெரிந்தால் போதும். மூட்டையைத் தராசில் வைத்தால் எத்தனை குரோஸ் என்று தெரியும். அதை 144ஆல் பெருக்கினால் எத்தனை பட்டன் என்று தெரிந்துவிடும்.

அணுக்கணக்கும் இதேதான். குரோஸ் இருக்கும் இடத்தில் மோல், 144 இருக்கும் இடத்தில் 6.022 × 10²³. இந்தப் பெரிய எண்ணுக்குத்தான் அவகாட்ரோ எண் என்று பெயர்.

மோல்ங்கறது எடையா, எண்ணிக்கையா? புக்குல ரெண்டும் வருதே.

எண்ணிக்கை. ஒரு மோல் கார்பன், ஒரு மோல் தங்கம் இரண்டிலும் 6.022 × 10²³ அணுக்கள்தான். எடைதான் வேறு வேறு: கார்பன் சுமார் 12 கிராம், தங்கம் சுமார் 197 கிராம். சட்டைப் பட்டன் ஒரு குரோஸும் கோட்டுப் பட்டன் ஒரு குரோஸும் ஒரே எடை இருக்காது, ஆனால் இரண்டும் 144 தான்.

புத்தகத்தில் எடை வருவதற்குக் காரணம், ஒரு தனிமத்தின் அணு நிறையை அப்படியே கிராமில் எடுத்துக்கொண்டால் அதில் சரியாக ஒரு மோல் இருக்கும் என்பதுதான். அதைத்தான் கிராம் அணு நிறை என்கிறார்கள்.

சூத்திரத்தை மட்டும் சொல்லுங்க மிஸ், போதும்.

அணுக்களின் எண்ணிக்கை = (கிராமில் நிறை ÷ அணு நிறை) × 6.022 × 10²³

மோட்டார் காயில் கட்டும் செம்புக் கம்பியை எடுத்துக்கொள்வோம். கோவையில் பம்பு செட் செய்கிற பட்டறைகளில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். மேலே உள்ள எனாமலைச் சுரண்டிவிட்டால் ஏறக்குறைய சுத்தமான செம்பு. அதில் 10 கிராம். செம்பின் அணு நிறை 63.55.

10 ÷ 63.55 = 0.1574 மோல்

0.1574 × 6.022 × 10²³ = 9.48 × 10²² அணுக்கள்

கணக்கு இவ்வளவுதான். ஆனால் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, கேள்வி கொஞ்சம் திரும்பினாலே தடுமாறுகிறது. ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதுங்கள். மேலே கிராம், கீழே 'ஒரு மோலுக்கு இத்தனை கிராம்'. கிராமும் கிராமும் அடிபட்டு மோல் மிஞ்சும். மோலை 'ஒரு மோலுக்கு இத்தனை அணு' என்பதால் பெருக்கினால் அணு மிஞ்சும். அலகு சரியாக வந்தால் கணக்கும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அணு எண்ணைப் போட்டு வகுத்தேன், தப்புன்னு போட்டுட்டாங்க. ஏன்?

அணு எண் என்பது உட்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. செம்புக்கு அது 29. நியூட்ரான்களுக்கும் எடை உண்டு என்பதால் அணுவின் எடையை அது காட்டாது. அட்டவணையில் ஒரு கட்டத்துக்குள் இரண்டு எண்கள் இருந்தால் பெரியதுதான் அணு நிறை. ஹைட்ரஜனுக்கு மட்டும் 1, 1.008 என்று இரண்டும் ஒட்டி நிற்பதால் அங்கே தவறு வெளியே தெரியாது. மற்ற தனிமங்களில் விடை ஏறக்குறைய இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும்.

அணு நிறை கிராம்லயா, அணு நிறை அலகுலயா? ரெண்டுக்கும் ஒரே நம்பர் எப்படி வரும்?

நல்ல கேள்வி. ஒரு செம்பு அணுவின் நிறை சராசரியாக 63.55 அணு நிறை அலகு. ஒரு மோல் செம்பின் நிறை 63.55 கிராம். முதலாவது ஒரே ஓர் அணுவின் நிறை, இரண்டாவது 6.022 × 10²³ அணுக்களின் நிறை. எண் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. அப்படி வரும்படியாகத்தான் மோலை வரையறுத்தார்கள்.

ஓர் அணு நிறை அலகு என்பது கார்பன்-12 (புரோட்டானும் நியூட்ரானும் சேர்த்து 12 உள்ள கார்பன்) அணுவின் நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கிராமில் சொன்னால் 1.6605 × 10⁻²⁴ கிராம். கால்குலேட்டரில் 1 ÷ (6.022 × 10²³) போட்டுப் பாருங்கள், அதே 1.6605 × 10⁻²⁴ வரும். இதைப் போட்டுப் பார்த்த பிறகுதான் என் மாணவர்கள் பலருக்கு மோல் என்பதே புரிகிறது. அதனால் இதைத் தாண்டிப் போக நான் விடுவதில்லை.

பத்தாவது புக்குல 6.023, பதினொன்னாவதுல 6.022. எதைங்க எழுதறது?

தேர்வில் கேள்வியிலோ உங்கள் பாடநூலிலோ எது இருக்கிறதோ அதையே எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஆறாயிரத்தில் ஒரு பங்குதான்.

ஆனால் உண்மையில் எது சரி என்று கேட்டால் 6.022. 2019 மே 20 முதல் அவகாட்ரோ எண் சரியாக 6.02214076 × 10²³ என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதை மூன்று தசம இடத்துக்குச் சுருக்கினால் 6.022 தான் வரும். 6.023 என்பது பழைய அளவீடுகளின் காலத்தில் புழக்கத்துக்கு வந்து அப்படியே தங்கிவிட்ட எண்.

அவகாட்ரோ உட்கார்ந்து எண்ணிப் பார்த்துச் சொன்னாருங்களா?

இல்லை. இந்த எண்ணே அவருக்குத் தெரியாது. இத்தாலியைச் சேர்ந்த அமெடியோ அவகாட்ரோ 1811இல் சொன்னது வேறொன்று: ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் சம கனஅளவுள்ள எந்த வாயுவிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம். எத்தனை என்று அவர் சொல்லவில்லை. 1865இல் ஆஸ்திரியாவின் லோஷ்மிட் காற்று மூலக்கூறின் அளவைக் கணக்கிட்டார். அதிலிருந்துதான் எண்ணிக்கை எந்த அளவில் இருக்கும் என்பது முதலில் தெரியவந்தது. பிரான்சின் ழான் பெரான் நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஆட்டத்தை அளந்து எண்ணைக் கண்டுபிடித்து, 1909இல் அதற்கு அவகாட்ரோவின் பெயரை வைக்கலாம் என்றார். பெரானுக்கு 1926இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்குப் பிறகு நடந்ததுதான். ஏறக்குறைய சிலிக்கான்-28 மட்டுமே இருக்கும்படி ஒரு படிகத்தை வளர்த்து, அதில் ஒரு கிலோ எடையுள்ள உருண்டையைக் கடைந்தெடுத்தார்கள். விட்டம் 9.4 சென்டிமீட்டர் அளவு. படிகத்துக்குள் அணுக்கள் சீராக அடுக்கப்பட்டிருக்கும். எக்ஸ் கதிர் கொண்டு அடுக்கின் இடைவெளியை அளக்கலாம். சிலிக்கானில், அடுக்கில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு கனசதுரக் கூட்டுக்கு எட்டு அணுக்கள். உருண்டையின் கனஅளவை ஒரு கூட்டின் கனஅளவால் வகுத்து எட்டால் பெருக்கினால் மொத்த அணுக்கள், அதாவது ஏறக்குறைய 2.15 × 10²⁵. முதல் கேள்வியில் 'ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை' என்றேன். எண்ணுவதற்கு மிக அருகில் மனிதர் போனது இந்த உருண்டையில்தான்.

குளோரினுக்கு 35.5ன்னு இருக்கு. அரை அணு எப்படிங்க இருக்கும்?

அரை அணு கிடையாது. குளோரினில் இரண்டு வகை அணுக்கள் கலந்திருக்கின்றன. நூற்றில் சுமார் 76 அணுக்களின் நிறை எண் (புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த எண்ணிக்கை) 35, மீதி 24இன் நிறை எண் 37. இவற்றின் சராசரிதான் 35.45, பாடத்தில் 35.5 என்று எடுத்துக்கொள்கிறோம். மேலே பார்த்த செம்பும் அப்படியே. 63.55 எடையுள்ள செம்பு அணு உலகத்தில் ஒன்றுகூட இல்லை. செம்பு-63 சுமார் 69 விழுக்காடு, செம்பு-65 சுமார் 31 விழுக்காடு.

அந்த விழுக்காடு எடைக்கணக்கு அல்ல, எண்ணிக்கைக் கணக்கு. ஆகவே 10 கிராம் கம்பியில் செம்பு-63 எத்தனை என்று கேட்டால் மொத்த எண்ணிக்கையை நேராக 0.69ஆல் பெருக்கலாம்: 9.48 × 10²² × 0.69 = 6.5 × 10²². நுழைவுத் தேர்வுகளில் இந்த இடத்தில் எடையைப் பிரித்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

ரெண்டும் பத்து கிராம்தானே மிஸ், அப்ப அணுவும் சமமாத்தானே இருக்கோணும்?

அணு ஒன்றின் எடை வேறு, அதனால் எண்ணிக்கையும் வேறு. மேட்டூரில் பல்லாண்டு காலம் அலுமினியம் உருக்கினார்கள். அதற்கான பாக்சைட் ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் இறங்கியது. அந்த அலுமினியத்தில் 10 கிராம் எடுத்தால், 10 ÷ 26.98 = 0.3706 மோல், அதாவது 2.232 × 10²³ அணுக்கள். 10 கிராம் சுத்தத் தங்கத்தில் 10 ÷ 196.97 = 0.05077 மோல், அதாவது 3.057 × 10²² அணுக்கள். அலுமினியத்தில் ஏழு மடங்குக்கு மேல்.

அணு நிறை கூடக்கூட, அதே எடையில் எண்ணிக்கை குறையும். 'எதில் அதிக அணுக்கள்' என்று எடை சமமாகக் கொடுத்துக் கேட்டால் கணக்கே போட வேண்டாம். அணு நிறை குறைந்த தனிமத்தைச் சொல்லிவிடலாம்.

மில்லிகிராம்ல, கிலோல கொடுத்தா?

முதல் வரியிலேயே கிராமாக்குங்கள். 1 கிலோ = 1000 கிராம், 1 மில்லிகிராம் = 0.001 கிராம். மற்றதெல்லாம் பழையபடி.

பத்தோட அடுக்குல எப்பப் பார்த்தாலும் தப்பு வருது. விடை சரியான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

எல்லை வைத்துப் பாருங்கள். இயற்கையில் கணிசமாகக் கிடைக்கும் தனிமங்களில் மிக லேசானது ஹைட்ரஜன். 1 கிராமில் 5.97 × 10²³ அணுக்கள். மிகக் கனமானது யுரேனியம். 1 கிராமில் 2.53 × 10²¹. ஆகவே நீங்கள் பார்க்கப்போகிற எந்தத் தனிமமானாலும் ஒரு கிராமுக்கான விடை 10²¹, 10²², 10²³ ஆகிய மூன்றில் ஒன்றில்தான் வரும். 10²⁵ என்றோ 10¹⁹ என்றோ வந்தால் அடுக்கு தவறிவிட்டது. 10 கிராம் என்றால் இந்த எல்லையைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

10⁻²³ என்று எழுதிக்கொண்டு வருகிற பிள்ளைகளும் உண்டு. ஒன்றுக்கும் குறைவான அணு இருக்க முடியாது என்பதை நினைத்தால் அந்தக் கழித்தல் குறி உடனே கண்ணில் படும்.

32 கிராம் ஆக்சிஜன் ஒரு மோலா, ரெண்டு மோலா?

எதை எண்ணுகிறோம் என்று முதலில் கேளுங்கள். ஆக்சிஜன் வாயுவில் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும். மூலக்கூறுகளை எண்ணினால் 32 ÷ 32 = 1 மோல். அணுக்களை எண்ணினால் 32 ÷ 16 = 2 மோல், அதாவது 1.204 × 10²⁴.

அணுக்களைத்தான் கேட்கிறார்கள் என்றால், அவை எப்படிக் கோத்திருக்கின்றன என்ற கவலையே வேண்டாம். நேராக அணு நிறையால் வகுத்துவிடுங்கள். 48 கிராம் ஆக்சிஜனிலும் 48 கிராம் ஓசோனிலும் அணுக்கள் சமம்தான், 3 மோல். கந்தகத்தில் எட்டெட்டாகச் சேர்ந்திருக்கும். 8 கிராம் கந்தகத்தில் 1.50 × 10²³ அணுக்கள். மூலக்கூறு எத்தனை என்றால் அதில் எட்டில் ஒரு பங்கு.

சேலத்து வெள்ளைக்கல்லுல மெக்னீசியம் இருக்குதுங்களே, அதுல எத்தனை அணுன்னு எப்படிப் பார்க்கறது?

வெள்ளைக்கல் என்பது மேக்னசைட், மெக்னீசியம் கார்பனேட். இங்கே தனிமம் தனியாக இல்லை, சேர்மத்தில் இருக்கிறது. ஒரு மெக்னீசியம், ஒரு கார்பன், மூன்று ஆக்சிஜன்: 24.31 + 12.01 + 48.00 = 84.32. சுத்தமான மேக்னசைட் 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம் (சுரங்கத்திலிருந்து வரும் கல்லில் வேறு பொருள்களும் கலந்திருக்கும்). 100 ÷ 84.32 = 1.186 மோல். ஒவ்வொரு மூலக்கூற்று வாய்பாட்டுக்கும் ஒரு மெக்னீசியம் என்பதால் மெக்னீசியம் அணுக்கள் 7.14 × 10²³. ஆக்சிஜன் அதைப்போல மூன்று மடங்கு. எல்லாம் சேர்த்து ஐந்து மடங்கு.

100ஐ நேராக 24.31ஆல் வகுத்தால், கல் முழுவதும் மெக்னீசியம்தான் என்று சொன்னதாகிவிடும்.

எங்கப்பா நகைப்பட்டறை வெச்சிருக்காருங்க. ஒரு பவுன் நகையில தங்க அணு எத்தனை?

ஒரு பவுன் 8 கிராம். ஆனால் 916 முத்திரை என்றால் ஆயிரத்தில் 916 பங்குதான் தங்கம். 8 × 0.916 = 7.328 கிராம். 7.328 ÷ 196.97 = 0.03720 மோல். தங்க அணுக்கள் 2.24 × 10²².

மீதி 0.672 கிராம் செம்பும் வெள்ளியுமாக இருக்கும். கணக்குக்காக அது முழுவதும் செம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: 0.672 ÷ 63.55 = 0.01057 மோல், 6.37 × 10²¹ அணுக்கள். இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எடையில் செம்பு 8.4 விழுக்காடுதான். எண்ணிக்கையிலோ 22 விழுக்காடு! அந்த நகையில் ஒன்பது அணுக்களை எடுத்தால் இரண்டு செம்பாக இருக்கும். செம்புக்குப் பதில் முழுவதும் வெள்ளி சேர்த்திருந்தால் ஏழில் ஒன்று வெள்ளி. தங்க அணு கனமானது என்பதால் எடைக்கணக்கு இதை மறைத்துவிடுகிறது. செம்பு கூடினால் நகையின் நிறம் செம்மைக்குத் திரும்புவது பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். அத்தனை செம்பு அணுக்கள் தங்கத்துக்கு இடையில் உட்கார்ந்திருக்கின்றன.

சேலம் கொலுசுக்கு 'டச்'னு சொல்றாங்களே, அதுக்கும் இதே கணக்குதானா?

ஆமாம். 80 டச் என்றால் நூற்றில் 80 பங்கு வெள்ளி. 50 கிராம் கொலுசில் 40 கிராம் வெள்ளி. 40 ÷ 107.87 = 0.3708 மோல், 2.233 × 10²³ அணுக்கள். மேலே 10 கிராம் அலுமினியத்துக்கு வந்த விடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஏறக்குறைய அதே எண். வெள்ளி அணுவின் நிறை அலுமினியத்தைப்போல நான்கு மடங்கு, நாம் எடுத்த எடையும் நான்கு மடங்கு.

எடையே கொடுக்காம, கனஅளவு மட்டும் கொடுத்தா?

திடப்பொருள் என்றால் அடர்த்தி வேண்டும். கனஅளவை அடர்த்தியால் பெருக்கினால் எடை கிடைக்கும். ஒரு கன சென்டிமீட்டர் செம்பு 8.96 கிராம், அதில் 8.49 × 10²² அணுக்கள்.

இதற்குக் கன மூலம் எடுத்துப் பாருங்கள். சுமார் 4.4 × 10⁷ வரும். ஒரு சென்டிமீட்டர் விளிம்பில் ஏறக்குறைய 4.4 கோடி அணுக்கள் வரிசையாக நிற்கின்றன என்று பொருள். ஒரு சென்டிமீட்டரை அதால் வகுத்தால் ஓர் அணுவுக்குக் கிடைக்கும் இடம் 2.3 × 10⁻⁸ சென்டிமீட்டர். தராசையும் அளவுகோலையும் வைத்தே அணு எவ்வளவு பெரியது என்று தோராயமாகச் சொல்லிவிட்டோம். எக்ஸ் கதிரால் அளக்கும்போது செம்பில் அடுத்தடுத்த அணுக்களின் இடைவெளி 2.56 × 10⁻⁸ சென்டிமீட்டர். அணுக்கள் நேர்வரிசையாக இல்லாமல் நெருக்கி அடுக்கப்பட்டிருப்பதால் அந்தச் சிறு வித்தியாசம்.

இரும்பு துருப்பிடிச்சா எடை கூடுதுங்கறாங்க. அப்ப இரும்பு அணுவும் கூடுதா?

கூடாது. 5.585 கிராம் இரும்பில் 0.1 மோல், அதாவது 6.022 × 10²² அணுக்கள். அது முழுவதும் இரும்பு ஆக்சைடாக மாறினால் எடை 7.98 கிராம். கூடின 2.4 கிராம் காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன். நிஜத் துருவில் நீரும் சேரும் என்பதால் இன்னும் கூடும். துரு உதிர்ந்து விழாத வரை இரும்பு அணு ஒன்றுகூடக் குறையாது.

சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில், பழங்கால இரும்பு உருக்கு உலைகளும் கசடும் அகழாய்வில் கிடைத்தன. அங்கே கிடைத்த துருவேறிய துண்டை நிறுத்து, 'இதில் எத்தனை இரும்பு அணு' என்று கேட்டால் 55.85ஆல் நேராக வகுக்கக் கூடாது. வெள்ளைக்கல்லுக்குச் செய்தபடி, அது என்ன சேர்மம், அதில் இரும்பின் பங்கு எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும்.

அணு எண்ணிக்கை கொடுத்துட்டு எடையைக் கேட்டா?

அதே பாதையில் திரும்பி வாருங்கள். எண்ணிக்கையை 6.022 × 10²³ஆல் வகுத்தால் மோல். அதை அணு நிறையால் பெருக்கினால் கிராம். ஒரே ஒரு தங்க அணுவுக்கு: 196.97 ÷ (6.022 × 10²³) = 3.27 × 10⁻²² கிராம்.

ஒரு அணுகூட விடாம, கடைசி இலக்கம் வரைக்கும் சரியாச் சொல்ல முடியுங்களா?

முடியாது. அவகாட்ரோ எண் இப்போது வரையறுத்த எண் என்பதால் அதில் பிழையில்லை. பிழை எடையில் இருக்கிறது. நகைக்கடைத் தராசு ஒரு மில்லிகிராம் வரை காட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மில்லிகிராம் தங்கத்தில் 3.06 × 10¹⁸ அணுக்கள். கடைசி இலக்கம் ஒன்று மாறினாலே அத்தனை அணுக்கள் கூடும் அல்லது குறையும்.

ஆகவே எடை எத்தனை இலக்கம் நம்பிக்கையாகத் தெரியுமோ அத்தனை இலக்கமே விடையிலும் வைக்க வேண்டும். எடை 8.000 கிராம் என்று நான்கு இலக்கத்தில் கொடுத்தால் விடையும் நான்கு இலக்கம். கால்குலேட்டர் காட்டுகிற பத்து இலக்கத்தையும் தாளில் இறக்கி வைக்காதீர்கள். மீதி ஆறுக்குத் தராசில் ஆதாரம் இல்லை.